எட்டாவது விளக்கு

என் புருசன் சின்னமுத்துவுக்கு இடது கையில் இரண்டு விரல்தான். கட்டை விரலும் சுண்டு விரலும். நடுவில் இருந்த மூன்றும் எண்பத்து நாலாம் வருசம் போடிமெட்டு ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் போய்விட்டன. கச்சேரி முடித்துத் திரும்புகிற ஜீப்பு. உள்ளே இடமில்லை என்று ஓரத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே லோடு லாரி வர, டிரைவர் ஜீப்பைப் பாறையோடு ஒட்டி ஒதுக்கியிருக்கிறான். உயிர் தப்பியதே பெரிது என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவருக்கு மட்டும் அப்படி இல்லை.

ஏனென்றால் அவர் கொட்டு அடிக்கிறவர். போடியில் பால்சாமி அண்ணன் நடத்துகிற இன்னிசைக் குழுவில் தபலா, டோலக், டிரம்ஸ் எதுவானாலும் என் புருசன்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவரை மேடையில்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். கையைத்தான் பார்த்தேன்.

கட்டுப் பிரித்த மறுவாரமே பால்சாமி அண்ணனைப் போய்ப் பார்த்தார். அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் மனசில் பட்டதை மறைக்கத் தெரியாத ஆள். "தம்பி, ஒத்தக் கையை வச்சுக்கிட்டு மேடையில என்ன செய்வ? பாக்குறவுக பரிதாபப்படுவாகளே ஒழிய, பாட்டுக் கேக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இடது கையில் துண்டைச் சுற்றியவர்தான். வீட்டிலும் அவிழ்ப்பதில்லை, சித்திரை வெயிலிலும் அவிழ்ப்பதில்லை. என் முன்னால் கூடவா என்று ஒருநாள் சண்டை போட்டேன். அவர் பாட்டுக்கு வலது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருசம் அந்த ஒற்றைக் கை எதைத்தான் விட்டு வைத்தது? தட்டு, குடம், பஸ்சு சீட்டு, கட்டிப் போட்டிருந்த ஆட்டின் முதுகு. ஆடு பாவம். நான் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கிவிட்டுச் சாயங்காலம் இடுப்பு ஒடிய வீட்டுக்கு வந்தால் வாசலுக்கே தட்டல் கேட்கும். பாதித் தாளம்தான் கேட்கும். மீதிப் பாதிக்கு அந்த இன்னொரு கை வர வேண்டும், வராது. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வரும்.

எண்பத்து ஏழாம் வருசம் என் தம்பி கண்ணுச்சாமி மஸ்கட்டில் இருந்து லீவில் வந்தான். எல்லாரும் சேலை கொண்டு வருவார்கள், செண்டு கொண்டு வருவார்கள். இவன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு கீ போர்டு கொண்டு வந்தான். அதில் சின்னதாக ஒரு மைக். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எந்தச் சத்தத்தைப் போட்டாலும் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எந்தக் கட்டையைத் தொட்டாலும் அந்தச் சத்தமே சுருதி மாறி வரும்.

"அக்கா, ஏதாச்சும் சொல்லு" என்றான். நான் அலசி வைத்த அரிசிக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தான்.

"எடுடா அதை!" என்றேன்.

உடனே "எடுடா அதை" என்று கீழ்க் கட்டையில் எருமை மாதிரியும் மேல் கட்டையில் எலி மாதிரியும் என் குரல் வந்தது. தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. என் புருசன் சிரிக்கவில்லை. பித்தளைச் செம்பை எடுத்து மைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கீழ்க் கட்டையைத் தொட்டால் கோயில் மணி. மேல் கட்டையைத் தொட்டால் சலங்கை. நடுவில் செம்பு.

"மாப்ளே, இதை ரெண்டு நாளு வச்சுக்கிறேன்" என்றார்.

நாலாம் நாள் வந்து பார்த்த கண்ணுச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டான். கீ போர்டு குப்புறக் கிடந்தது. முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே இருந்து கலர் கலராக வயர்களை வெளியே எடுத்திருந்தார் இவர். "மச்சான்! வயித்தக் கீறிப் போட்டீகளே மச்சான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

விசயம் இதுதான். கட்டையை அழுத்த ஒரு கை இருக்கிறது, ஆனால் தாளத்துக்கு ஒரு கை பத்தாது. அந்த இன்னொரு கையை இவர் கோயில் திருவிழாவில் கண்டுபிடித்துவிட்டார். கோபுரத்தில் சீரியல் செட் போடுவார்களே, ஒன்று அணைய அடுத்தது எரிந்து, விளக்கு ஓடுகிற மாதிரி இருக்குமே, அதை ஓட்டுகிற பெட்டி. விளக்கு வரிசையாக எரிய முடியும் என்றால் கட்டைகளும் வரிசையாக அழுந்த முடியும் என்று இவருக்குப் பட்டிருக்கிறது. ரேடியோ கடையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து அப்படி ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தது அவர், செய்தது நான். சால்டரிங் அயனைப் பிடிக்க ஒரு கை, வயரைப் பிடிக்க ஒரு கை, ஈயத்தை நீட்ட ஒரு கை வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அது சரியாக இருந்தது. குடோனில் காய்க்குக் காய் நிறம் பார்த்துப் பிரித்த கண் எனக்கு. வாரக் கடைசிக்குள் அவரைவிடச் சுத்தமாகப் பத்த வைத்தேன். அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் மெதுவாகத்தான்.

பெட்டியின் மூடியில் எட்டு விளக்கு. உள்ளே ஒரே வரிசையில் பத்துப் பித்தளை ஆணி. முதல் எட்டு ஆணியில் எட்டு விளக்கு. ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் அதற்கான கட்டை தானாக ஒலிக்கும். ஒன்பதாவது ஆணியில் ஒரு சிவப்பு வயர். ஓட்டம் அந்த வயரைத் தொட்டவுடன் திரும்ப முதல் விளக்குக்கே ஓடிவிடும். வேகத்துக்கு ஒரு குமிழ். எந்த விளக்குக்கு எந்தக் கட்டை என்று மாற்ற, பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிற மாதிரி வயர்கள். ஆணிகளுக்கு நம்பர் எழுதி வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எல்லாம் மனசுல இருக்கு புள்ள" என்றார்.

முதல் தடவை அது ஓடிய மத்தியானத்தை மறக்க மாட்டேன். தன் பழைய டோலக்கை ஒற்றைக் கையால் அடித்து ஒரே ஒரு சத்தத்தைப் பிடித்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் எட்டு விளக்கும் ஓட, அந்த ஒரே சத்தம் தடித்தும் மெலிந்தும் எட்டு அடியாக உருண்டு வந்தது. அதன் மேல் வலது கையால் தகர டப்பாவைத் தட்டினார். மூன்று வருசமாகப் பாதியாகக் கேட்ட தாளம் முழுசாகக் கேட்டது. கோபித்துக்கொண்டு போன கண்ணுச்சாமி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

சரியாக அந்த மாதம் பால்சாமி அண்ணனின் டிரம்ஸ்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் புதிதாக ஸ்டோர் கட்டித் திறக்கிறார்கள். பச்சை ஏலக்காயைக் கொண்டுவந்து உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் அங்கே ஸ்டோர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கச்சேரி. விசயம் தெரிந்ததும் இவர் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு போய் அண்ணனைக் கையோடு கூட்டி வந்தார்.

அண்ணன் பெட்டி ஓடுவதைக் கேட்டார். தாடையைத் தடவினார். "மெசின்தானே தம்பி அடிக்குது? சரி, மத்த பாட்டை டோலக்கை வச்சு ஒப்பேத்திக்கிறேன். உனக்கு ஒரே ஒரு பாட்டு. சனம் ரசிச்சா அடுத்த கச்சேரிக்கும் நீ வா. சொதப்புனா இத்தோட விட்டுரு. என்னையவும் கேக்காத, உன்னையவும் வருத்திக்காத."

"சரிண்ணே" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடியவும் ஜீப்பில் ஏறினோம். கீ போர்டைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். அந்தக் கீ போர்டுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. பேட்டரி கழன்றாலோ கரண்டு நின்றாலோ பிடித்து வைத்த சத்தத்தை மறந்துவிடும். அதனால் பேட்டரியைத் துணி வைத்து அழுத்திக் கட்டி, டோலக் சத்தத்தை உள்ளே வைத்து, கைப்பிள்ளையைப் போலத்தான் கொண்டு போனேன். இவருக்கு விபத்து நடந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ஜீப்பு அங்கே ஒரு குழியில் இறங்கி ஏறியது. என் மடியில் இருந்தது ஓர் அடி மேலே போய்விட்டு வந்து உட்கார்ந்தது.

மேலே போய், ஸ்டோருக்குள் வைத்துப் பிரித்துப் பார்த்தால் பேட்டரி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். கட்டையைத் தொட்டால் டோலக் இல்லை. பெட்டியைத் திறந்தால் அந்தச் சிவப்பு வயர் ஆணியை விட்டுத் தெறித்துத் தொங்கியது. வெளியே புதுத் தகரக் கூரைக்கு முன்னால் பந்தல் போட்டு, இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். தேவாரம், பொட்டிபுரம் பக்கம் இருந்து காய் எடுக்க வந்தவர்கள். நான் பிறந்த ஊரும் பொட்டிபுரம்தான், தெரிந்த முகங்கள் நிறைய. மேடையில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது எங்கள் பாட்டு.

"முத்து, வெரசா வா! மைக்கை எங்க வைக்கணும்னு சொல்லு" என்று பால்சாமி அண்ணன் மேடையில் இருந்து கையைக் காட்டினார்.

"பாண்டி, வயரைப் பத்த வச்சுக் கொண்டா" என்று என்னிடம் சொன்னார் இவர்.

"எந்த ஆணில?"

"எட்டுல. முத ஆணி பூச்சியம், அங்க இருந்து எண்ணு!" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்.

ஸ்டோருக்குள் ஜெனரேட்டர் கரண்டு இருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த அயனைச் சூடாக்கி, ஆணிகளை விரல் வைத்து எண்ணினேன். நான் எண்ணினால் எப்படி எண்ணுவேன்? என்னைப் பெத்த அப்பு களத்தில் படி பிடித்து அளந்ததைப் பார்த்து எண்ணப் பழகியவள். எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் சொல்வார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. குடோனில் தட்டு எண்ணினாலும் அதேதான். பூச்சியம் என்று இவர் சொன்ன முதல் ஆணியில் விரலை வைத்தேன். "லாபம்" என்று வாய் தானாகச் சொன்னது. "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." எட்டில் வயரை வைத்து அழுத்தமாகப் பத்த வைத்தேன்.

இனி சத்தம் வேண்டும். டோலக்கு மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்க முடியாது. பக்கத்தில் உலர்ந்த ஏலக்காய் அரைத் தட்டு இருந்தது. தகர டப்பாவில் இரண்டு கை அள்ளிப் போட்டு, மைக்குக்கு நேரே ஒரே ஒரு குலுக்கு. கீழ்க் கட்டையைத் தொட்டேன். புதுத் தகரக் கூரையில் மழை இறங்குகிற சத்தம். மேல் கட்டையில் சின்னச் சலங்கை. இது போதும் என்று தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பால்சாமி அண்ணன் மைக்கில், "அடுத்து நம்ம சின்னமுத்து" என்று மட்டும் சொன்னார். துண்டு சுற்றிய கையை முன் வரிசையில் இரண்டு பேர் சுட்டிக்காட்டிக் குசுகுசுத்ததை நான் பார்த்தேன். அண்ணன் வழக்கம் போல, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றார். இவர் சுவிட்சைப் போட்டார்.

முதல் சுற்று சரியாகத்தான் போன மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்றில் கிடார்காரர் ஒரு பக்கம் போனார், பெட்டி ஒரு பக்கம் போனது. பாடுகிற பொன்னுமணி வாயைத் திறந்தவள் எங்கே எடுப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் எல்லாருமே நின்றுவிட்டார்கள். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பால்சாமி அண்ணன் தலையை ஆட்டி, நிறுத்து என்று கை காட்டினார்.

மேடை ஓரத்தில் நின்ற நான் பெட்டியின் மூடியைப் பார்த்தேன். ஏழு விளக்குதான் ஓடியது. எட்டாவது எரியவே இல்லை. எட்டாவது விளக்கின் ஆணியிலேயே சிவப்பு வயரை வைத்திருக்கிறேன். பூச்சியத்தில் தொடங்க வேண்டியதை லாபத்தில் தொடங்கி, ஓர் ஆணி முன்னாலேயே எட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வருசம் காத்திருந்த மனுசனின் ஒரே பாட்டை என் விரலே தின்றுவிட்டது.

இவர் கை சுவிட்சுக்குப் போனது. அந்த ஒரு விநாடியில்தான் காதில் விழுந்தது. ஏழு. மூன்றும் நாலும். கீழ்க் கட்டையில் மழை விழுகிற இடத்தில் ஒரு காலை வைத்தால் சலங்கை வருகிற இடத்தில் கை தட்டலாம். பொட்டிபுரத்தில் முளைப்பாரியைச் சுற்றி நாங்கள் கொட்டுகிற கும்மி அது. பிறந்ததில் இருந்து என் காலுக்குத் தெரிந்த கணக்கு.

"நிறுத்தாதீக!" என்று கத்தினேன். இருநூறு பேருக்கு முன்னால் புருசனை அதட்டினேன் என்று அப்புறம் ஊரே பேசியது, பேசட்டும். "நிறுத்தாதீக! ஏழு! கும்மி!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு முன்னால் இறங்கி, தன்னந்தனியாகக் கொட்ட ஆரம்பித்தேன். மூன்று தட்டு, குனிந்து நாலு. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு சுற்று வந்தேன், இரண்டு சுற்று வந்தேன். முன் வரிசையில் இருந்த என் சேக்காளி முத்துப்பேச்சி எழுந்தாள். "அடியே, இது நம்ம காய் குலுக்குற சத்தமுல்ல!" என்று கூவிக்கொண்டே எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. மலையாளம் பேசுகிற எஸ்டேட்டுச் சேச்சிகள்கூட எங்கள் காலைப் பார்த்துக் கால் மாற்றி வந்துவிட்டார்கள்.

பொன்னுமணி தேவாரத்துப் பெண். சும்மா இருப்பாளா? தன் பாட்டை விட்டுவிட்டு, "தன்னானே" என்று கும்மிக் குரலில் எடுத்தாள். நான் சுற்றி வரும்போது மேடையைப் பார்த்தேன். என் புருசன் வலது கையால் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். மழை சலங்கையானது, சலங்கை மழையானது. வேகத்தை ஏற்று என்று பெண்கள் கத்தினார்கள். வலது கைக்கு வேலை இருக்கிறதே, குமிழை யார் திருப்புவது? அவர் பல்லால் துண்டின் முனையைக் கடித்து இழுத்தார். துண்டு கீழே விழுந்தது. அந்த இரண்டு விரல், கட்டை விரலும் சுண்டு விரலும், குமிழை இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பியது. தாளம் ஏறியது. குமிழுக்கு அதற்கு மேல் ஒரு விரலும் தேவைப்படவில்லை.

எவ்வளவு நேரம் கொட்டினோம் என்று தெரியாது. பந்தல் பூராவும் புழுதி. கடைசியில் அவர் குமிழை மெதுவாக இறக்கி, மழைச் சத்தத்தை மட்டும் விட்டு, சுவிட்சை அணைத்தார். அப்புறம் கிளம்பிய சத்தத்தில் புதுத் தகரக் கூரை அதிர்ந்தது. பரிதாபப்பட்டவர் ஒருத்தரும் இல்லை. அவர் கையை எல்லாரும் பார்த்தார்கள், நான் முதல்முதலில் பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

பால்சாமி அண்ணன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏப்பா முத்து, எட்டுன்னு பேசிட்டு ஏழுல போட்டியே. எப்படிடா தோணுச்சு?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. "நான்தாண்ணே வயரைத் தப்பா வச்சுட்டேன். பூச்சியத்துல இருந்து எண்ணச் சொன்னாரு. நான் லாபம்னு ஆரம்பிச்சு எட்டு எண்ணிட்டேன்."

ஒரு நிமிசம் இவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்று வருசத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன், முடியவில்லை.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கீழே பெண்கள் விடவில்லை. அண்ணன் மேடைக்குத் திரும்பி, மைக்கைப் பிடித்து, "ஒன், டூ" என்று ஆரம்பித்தார்.

"நில்லுங்கண்ணே" என்றார் என் புருசன்.

துண்டு இன்னும் கீழேதான் கிடந்தது. இடது கையை எல்லாரும் பார்க்க உயர்த்தி, கிடார்காரரையும் பொன்னுமணியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி அவரே எண்ணினார்.

"லாபம், ரெண்டு, மூணு..."